மூக்குக்குப் பழகிய வீடு

போன ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகனைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பஸ் ஏறி ஆரணி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலூர் சத்துவாச்சாரியில் இறங்கி வெயிலில் நடந்து வந்தவள், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக சமையலறைக்குப் போனாள். யார் வீட்டுக்குப் போனாலும் அக்காவுக்கு முதல் நடை அங்கேதான். ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "இன்னாடா இது, சிங்க்குக்குள்ள எதுனா செத்துக் கித்துக் கெடக்குதா?" என்றாள். நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிங்க்குக்கு மேலே குனிந்து மூக்கால் இழுத்துப் பார்த்தேன். விம் சோப்பு வாசனைதான் வந்தது. அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்த்தான் தண்ணீர் குடித்தாள். காபியும் அங்கேயே கொண்டுவரச் சொன்னாள். சாயங்காலம் கிளம்பும்போது, "கோச்சிக்காதடா, ஆள உட்டு பாரு" என்றாள்.

கோபித்துக்கொண்டேன். ஒரு வாரம் அதையே மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே எதிலும் ஒரு நொட்டைச் சொல் உண்டு, நம் வீடு புதிதாகக் கட்டியது, மாடுலர் கிச்சன், அவளுக்கு எங்கோ உறுத்துகிறது என்றெல்லாம் அற்பமாக யோசித்தேன். மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் மட்டும் எதுவும் பேசாமல் சிங்க்கில் இரண்டு அந்துருண்டை போட்டு வைத்தாள்.

சிங்க் என்று சொல்கிறேனே, அது வெறும் சிங்க் இல்லை. அடியில் ஒரு மிஷின் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, வீடு கட்டும்போது பிடிவாதமாகப் போட வைத்தது. அங்கே அவன் வீட்டில் தட்டில் மிச்சமிருப்பதைச் சிங்க்குக்குள் தள்ளி, சுவிட்சைப் போட்டால் கர்ரென்று அரைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். அதைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதாகச் சொன்னான். 120 வோல்ட் மிஷினை இங்கே 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதால், இந்த ஊர் மின்சாரத்துக்கு ஆனதாகச் சென்னையில் வாங்கிக் கொடுத்தான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'குப்பை கிரைண்டர்'. வீடு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பூஜை அறைக்கு முன்பே அதைத்தான் காட்டினேன். அக்காவுக்கும் காட்டினேன். அந்தப் பெருமைக்கு விழுந்த அடி என்பதால்தான் கோபம் அவ்வளவு நாள் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று நாள் பூட்டிக் கிடந்த கதவு

ஆவணியில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. ஆரணிக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டோம். திரும்பி வந்து கண்ணமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன். அடித்தது பாருங்கள். புளித்த மாவு, அழுகின வெங்காயம், என்றோ சுத்தம் செய்த மீன், இதெல்லாம் ஒன்றாகக் கலந்து ஊறின மாதிரி ஒரு வாடை. யாரோ ஒருவர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள். இருவரும் வாசலிலேயே நின்றோம். அக்கா ஞாபகம் வந்தது, அவமானமாக இருந்தது.

அதைவிட ஆச்சரியம், ஜன்னலைத் திறந்து, பையை இறக்கி, முகம் கழுவி, பத்து பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வாடை இல்லை. வாடை எங்கேயும் போகவில்லை, எங்கள் மூக்கு போய்விட்டது. ஒரே வாசனை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். புதிதாக ஏதாவது வந்தால்தான் மறுபடி மணி அடிக்கும். இதை நான் எங்கோ படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. ராணிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான்.

எங்கள் அப்பா டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்தார். சுண்ணாம்புக் குழி பக்கம். பச்சைத் தோலில் இருக்கும் முடியை நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்து ஊற வைப்பார்கள். அந்தத் தண்ணீர் போகும் கால்வாயில் எங்காவது அமிலம் கலந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகின முட்டை நாற்றம் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்குமே, அதே வாயு. அப்பா வேலை முடிந்து வந்ததும் வாசல் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். குளித்த பிறகும் அவர் மேல் ஒரு வாடை இருக்கும். எங்களுக்கு அது அப்பா வாசனை, அவ்வளவுதான். பஸ்ஸில் முத்துக்கடையைத் தாண்டும்போது வெளியூர்க்காரர்கள் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைப்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் எனக்கு, இவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் எப்படிச் சளி பிடித்தது என்று சந்தேகமாக இருக்கும். 1996இல் டேனரிக் கழிவுநீர் பாலாற்றில் கலப்பது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது தெருவெல்லாம் அதே பேச்சு. எங்கள் வீட்டில் அம்மாவின் கவலை அப்பாவின் வேலை பற்றி. நாற்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

அப்பா ஒரு விஷயம் சொல்வார். "நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயம் இல்ல. திடீர்னு நாத்தம் நின்னா ஓடிரணும்" என்பார். அதில் பின்பாதி மூடநம்பிக்கை இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு துளியூண்டு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டும்போது மோப்ப நரம்பே மரத்துப்போகும். தொட்டிக்குள் இறங்கிய எத்தனையோ பேரை அது அப்படித்தான் கொண்டுபோயிருக்கிறது. சிங்க்கில் வருவது அந்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது, பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் குடும்பம் ஒன்றுதான். வெங்காயம், பூண்டு, முட்டை, முட்டைக்கோஸ், கறி எல்லாவற்றிலும் கந்தகம் இருக்கிறது. காற்றுப் படாத இடத்தில் ஈரத்தோடு அது கிடந்தால், அங்கே வாழும் கிருமிகள் அதைத் தின்று இந்த வாயுவைத்தான் விடுகின்றன. ஆக, ராணிப்பேட்டையை விட்டு வந்து இருபத்தைந்து வருடம் கழித்து, அப்பாவின் வாயு என் மாடுலர் கிச்சனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நாடகங்கள்

அடுத்த ஒரு மாதம் நான் செய்ததெல்லாம் வாசனைக்கு மேல் வாசனை பூசும் வேலை. எலுமிச்சம்பழத் தோலைப் போட்டு அரைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை எலுமிச்சை, மறுநாள் எலுமிச்சை போட்ட குப்பை. பினாயில் ஊற்றினேன், சமையலறை அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆனது. ரசம் தாளிக்கும்போது பினாயில் வந்தால் யார் சாப்பிடுவது? ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினேன். எண்ணெய்ப் பிசுக்கு உருகிப் போய்விடும் என்று நினைத்தேன். உருகியது, கொஞ்ச தூரம் போய்ப் பைப்பின் வளைவில் மறுபடி உறைந்தது. அதற்கப்புறம் தண்ணீர் இறங்குவதே மெதுவாகிவிட்டது.

பிறகு ஆப்ப சோடாவும் வினிகரும். இதை யூட்யூப்பில் பார்க்காதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சோடாவைத் தூவி, வினிகரை ஊற்றினால், புஸ்ஸென்று நுரை பொங்கி வருகிறது. பார்க்கத் திருப்தியாக இருக்கிறது. நானும் இரண்டு முறை செய்தேன். பள்ளியில் வேதியியல் எடுத்தவன் என்கிற முறையில் எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்: ஒன்று அமிலம், மற்றொன்று காரம், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் சோடியம் அசிடேட் என்ற உப்பாகவும் மாறிவிடும். தனித்தனியாக இருந்தாலாவது ஆளுக்குக் கொஞ்சம் வேலை செய்திருக்கும். நுரை அடங்கிய பிறகு மிச்சம் இருப்பது உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர்தான் எங்கள் போர்வெல்லில் சும்மாவே வருகிறதே.

கடைசியில் பிளம்பரைக் கூப்பிட்டேன். கொசப்பேட்டைப் பக்கம் இருந்து வந்த தம்பி, இருபத்தைந்து வயதிருக்கும். வந்ததும் சிங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டு வளைவுப் பைப்பைக் கழற்றினான். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அதுதான் கீழே செப்டிக் டேங்கிலிருந்து வரும் வாயுவை மேலே விடாமல் தடுக்கும் மூடி. வேலூர் வெயிலுக்கு, வீட்டைப் பூட்டிவிட்டுப் பல நாள் போய்விட்டால் அந்தத் தண்ணீர் காய்ந்துபோய் நாற்றம் வருவது உண்டு என்றான். ஆனால் எங்கள் வளைவில் தண்ணீர் இருந்தது. உறைந்திருந்த எண்ணெயைச் சுரண்டி எடுத்து, கழுவி மாட்டினான். பிறகு எழுந்து வந்து சிங்க்கின் வாயருகே மூக்கை வைத்தான். பிறகு பைப் போகும் பக்கம் மூக்கை வைத்தான். "அண்ணே, நாத்தம் கீழேந்து வர்ல. மேலேந்துதான் வர்து" என்றான்.

மிஷினின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னான். சிங்க்கின் ஓட்டையில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், நடுவில் இதழ் இதழாகப் பிளந்திருக்கும். அரைக்கும்போது மேலே தெறிக்காமல் இருக்க அது. தினமும் மேல்பக்கத்தைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தோம். அவன் செல்போன் டார்ச்சை என் கையில் கொடுத்து, ஒரு இதழை விரலால் மடக்கி மேலே தூக்கிக் காட்டினான்.

நான் அதை வர்ணிக்கப் போவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருப்பீர்கள். வழவழவென்று, விரல் கனத்துக்கு, சாம்பலும் கறுப்புமாக ஒரு படலம். அதில் ஒரு கறிவேப்பிலை முழுதாக ஒட்டிக்கொண்டிருந்தது. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயின் காம்பு ஒன்று தன் முள்ளோடு குத்திக்கொண்டு நின்றது. அந்தக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது வேலூர்க்காரன் என்று வாட்ஸப்பில் பெருமைப்பட்டு ஸ்டேட்டஸ் வைத்தவன் நான். அது இங்கே என் சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேலயா நான் தெனமும் அரிசி களைஞ்சேன்?" என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். மிஷின் அரைக்கும்போது சாப்பாட்டைச் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. உள்ளே பிளேடு இருப்பதாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம், பிளேடு கிடையாது. சுழலும் தட்டில் இரண்டு உலோகக் கட்டைகள் இருக்கின்றன, அவை எச்சிலைத் தூக்கிச் சுற்றிலும் இருக்கும் சொரசொரப்பான வளையத்தில் மோதித் தேய்க்கின்றன. அப்படி மோதும்போது மேலே எழும்புவதெல்லாம் ரப்பரின் அடிப்பக்கத்தில் போய் ஒட்டும். நாம் விடும் தண்ணீர் மேலிருந்து கீழே விழுவது. ரப்பரின் அடிப்பக்கத்தில் அது படவே படாது. எலுமிச்சை, வினிகர், பினாயில், கொதிநீர் எல்லாமே அந்த ரப்பரின் நடுவில் இருக்கும் ஓட்டை வழியாக நேராக இறங்கிப் போயிருக்கின்றன. ஒரு மாதமாக நான் வாசலில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன், விருந்தாளி மாடிப்படிக்கு அடியில் இருந்தார்.

அந்தத் தம்பி ரப்பரை மேலே இழுத்து வெளியே எடுத்தான். எங்கள் மிஷினில் அது கையோடு வரும். சிலவற்றில் வராது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கேயே இதழை மடக்கித் தேய்க்க வேண்டும். பழைய டூத் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் சோப்பு. வேறொன்றும் இல்லை. அந்தப் படலம் எந்தத் தண்ணீருக்கும் கரையாது, கிருமிகள் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்ட கூரை அது. தேய்த்துப் பிய்த்தால்தான் போகும். உள் சுவருக்கு ஐஸ் கட்டியும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டுத் தண்ணீர் விட்டு ஓட்டச் சொன்னான். கடகடவென்று லாரி போகும் சத்தம். கட்டியும் உப்பும் சுவரைச் சுரண்டிவிடும், குளிரில் எண்ணெய்ப் பிசுக்கும் கெட்டியாகி உதிரும். பிறகு சிங்க்கை முழுதாக நிரப்பி, மிஷினை ஓடவிட்டு மொத்தமாகத் திறந்துவிட்டோம். கூலி முந்நூறு ரூபாய் கேட்டான். ஐந்நூறு கொடுத்தேன்.

தண்ணீர்க் கணக்கு

அன்றைக்கு இரவு அமெரிக்கத் தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். "அரைச்சு முடிச்சப்புறம் எவ்வளவு நேரம் பைப்பை ஓடவிடறீங்கண்ணா?" என்று கேட்டான். ஓடவிடுவதா? சத்தம் நின்றதும் நாங்கள் குழாயை மூடிவிடுவோம். அரை நிமிடமாவது பச்சைத் தண்ணீர் ஓட வேண்டுமாம், அப்போதுதான் அரைத்தது பைப்பைத் தாண்டிப் போகுமாம். எங்கள் குழாயில் அரை நிமிடம் என்றால் நான்கு லிட்டர். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று வையுங்கள், பன்னிரண்டு லிட்டர், ஒரு குடம். "ஒரு கொடம் தண்ணிய ஊத்தி குப்பைய அனுப்பணுமா?" என்று மனைவி பின்னாலிருந்து கேட்டாள். தம்பியிடம் பதில் இல்லை. தண்ணீர் குழாயில் வரும் நாளுக்காகக் குடங்களை வரிசை வைத்து வளர்ந்த கை அது. குழாயை ஓடவிடச் சொன்னால் அந்தக் கைக்கு வராது. எங்கள் வீட்டு நாற்றத்துக்கு உண்மையான காரணம் அழுக்குப் புத்தி அல்ல, சிக்கனப் புத்தி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதில் ஒரு சின்ன ஆறுதல்.

இந்த மிஷினை 1927இல் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டிடக் கலைஞர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தன் வீட்டுக்காக உருவாக்கினார். ஓடும் தண்ணீரும், பெரிய பாதாள சாக்கடையும், ரொட்டியும் மாமிசமும் சாப்பிடும் வீடும் அவர் கண்முன் இருந்திருக்கும். அங்கேயே நியூயார்க் நகரத்தில், பழைய சாக்கடை தாங்காது என்று பயந்து 1997 வரை இதைத் தடை செய்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு செப்டிக் டேங்க். அதில் இதையெல்லாம் அரைத்து அனுப்பினால் டேங்க் சீக்கிரம் நிரம்பும் என்பதைத் தவிர வேறென்ன நடக்கும்? நம் சாப்பாட்டையும் பாருங்கள். முருங்கைக்காய்ச் சக்கையின் நார் அந்தக் கட்டையில் சுற்றிக்கொள்ளும். வாழைத்தோல், தேங்காய் நார், வெங்காயச் சருகு எல்லாம் அப்படித்தான். சோறு ஊறி ஊதி வளைவில் போய்ச் சேறாக உட்காரும். புளிச்சக்கையும் இட்லி மாவு கழுவின தண்ணீரும் புளிப்பதற்கென்றே பிறந்தவை.

எங்கள் ராணிப்பேட்டை வீட்டுப் பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. கழனித்தண்ணித் தொட்டி. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிச்சச் சோறு எல்லாம் அதில். மத்தியானம் ஒரு ஆயா குண்டானோடு வந்து மொண்டுகொண்டு போவார், அவர் வீட்டு எருமைக்கு. ஊரெல்லாம் நாறும் ஊரில், அந்தத் தொட்டி மட்டும் ஒரு நாளும் நாறியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நாறுவதற்கு அது நேரம் கொடுத்ததில்லை. (எங்கள் மூக்கின் லட்சணம் தெரிந்த பிறகு இந்த ஞாபகத்தையும் முழுதாக நம்ப முடியவில்லை என்பது வேறு விஷயம்.)

இப்போது தோல், சக்கை, எலும்பு, சோறு எல்லாம் பச்சை பக்கெட்டுக்குப் போகிறது. காலையில் தூய்மைப் பணியாளர் அம்மா விசில் ஊதினால் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கிறோம். கிரைண்டருக்குத் தட்டு கழுவும்போது தப்பிப் போகும் பருக்கை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கி, ரப்பரை எடுத்து, நானே தேய்க்கிறேன். எலுமிச்சம்பழத் தோல் போடுவதும் உண்டு, எல்லாம் முடிந்த பிறகு, ஆசைக்காக.

தைப்பூசத்துக்கு அக்கா வந்தாள். சமையலறைக்குப் போனாள், சொம்பில் மொண்டு நின்ற இடத்திலேயே குடித்தாள், சிங்க்கைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் அவளை வாலாஜாவில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போக, மூவரும் பஸ்ஸில் போனோம். ராணிப்பேட்டை நெருங்கும்போது காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பியது. என்னை அறியாமல் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கர்ச்சீப்பைப் பார்த்தாள். "இன்னாடா, சளியா?" என்றாள்.